பழைய லாரிக்கு ரிலேயா, எல்இடியா?

பழைய லாரிக்கு ராத்திரியில் வெளிச்சம் பத்தவில்லை என்று ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றால் இன்று இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, இருக்கிற ஹாலஜன் பல்பையே வைத்துக்கொண்டு, ரிலே போட்டு, புது ஒயர் இழுத்து, அதற்கு வரவேண்டிய வோல்ட்டேஜை முழுசாக வரவழைப்பது. இன்னொன்று, பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே டூமுக்குள், அதாவது ஹெட்லைட்டில் ஒளியைத் திருப்பியடிக்கும் கூட்டுக்குள், எல்இடி பல்பைச் சொருகுவது. முதல் வேலைக்கு அரை நாள் ஆகும். செய்து முடித்த பிறகும் கண்ணுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. இரண்டாவது பத்து நிமிஷ வேலை. சுவிட்சைத் தட்டியதும் கடைச் சுவர் பளிச்சென்று வெளுக்கும். எது அதிகம் விற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"எல்இடி போட்டுருங்கண்ணா, ரோடு பகலாட்டம் தெரியும்" என்பார் நாமக்கல் பக்கத்து எலக்ட்ரீஷியன். எதிரே வருகிறவனுக்கு என்ன ஆகும் என்று டிரைவர் கேட்டால், "அவனும் அதைத்தானுங்க போட்டிருக்கான்" என்று பதில் வரும். இந்தப் பதிலில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுவதுதான் வேடிக்கை.

இந்த இரண்டு வழிகளையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை மறைக்கவில்லை: பழைய வட்ட டூம் உள்ள லாரிக்கு நான் ரிலே கட்சி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டையும் முந்திப்போவது டூமின் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ஸ்குரூ. அதைப் பற்றித்தான் கடையில் யாரும் பேசுவதில்லை.

முதலில் பல்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கண்ணாடியைத் தொடாமல், தகட்டைப் பிடித்து; விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி சூட்டில் கெட்டுப்போகும். பழைய டாடா, லேலண்ட் லாரிகளில் பெரும்பாலும் இருப்பது எச்-4 பல்பு. 1971இல் வந்த வடிவம் இது. 24 வோல்ட் லாரிக்கு வருவதில் பிரைட்டுக்கு 75 வாட், டிம்முக்கு 70 வாட். உள்ளே இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு உலோகக் கிண்ணம் தெரியும். முழு சூட்சுமமும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. டிம் இழையிலிருந்து மேல்நோக்கிப் போகும் ஒளி டூமின் மேல் பாதியில் பட்டுக் கீழே சாலைக்குத் திரும்புகிறது. கீழ்நோக்கிப் போகும் ஒளி டூமின் அடிப் பாதியில் பட்டிருந்தால் மேலே எகிறி எதிரே வருகிறவர் முகத்தில் அடித்திருக்கும். கிண்ணம் அதைத் தடுத்துவிடுகிறது. சுவரில் டிம் அடித்துப் பார்க்கும்போது மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கத்தரித்தாற்போல ஒரு கோடு விழுகிறதே, அது அந்தக் கிண்ணத்தின் விளிம்பு. கிண்ணத்தின் ஒரு பக்கத்தை 15 டிகிரி சாய்த்து வெட்டியிருப்பார்கள். அதனால் நம் ஊரில் கோட்டின் இடது பாதி மேலே ஏறும். விளக்கில்லாமல் ஓரம்கட்டிய லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர், சைக்கிள், மாடு என்று நம் சாலையில் ஆபத்து நிற்பதெல்லாம் இடது ஓரத்தில்தானே.

ஆக டிம் வெளிச்சம் என்பது டூமும் இழையும் கிண்ணமும் சேர்ந்து போட்ட ஒரு கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு முதல் வழிக்குப் போகலாம்.

பழைய லாரியின் ஹெட்லைட் மங்குவதற்குப் பல்பு காரணமாக இருப்பது குறைவு. டைனமோவில் 28 வோல்ட் வருகிறது. அது பியூஸ் பெட்டி, டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர் சுவிட்ச், நாலைந்து கப்ளர், பச்சை பூத்த ஹோல்டர் என்று ஊர் சுற்றி பல்புக்கு வந்துசேர்கிறது. திரும்பிப் போகும் எர்த் வழியோ பெயின்ட்டும் துருவும் ஏறிய ஒரு போல்ட். இந்த வழி முழுக்கச் சேர்ந்து 0.4 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு டிம் பல்புக்கும் சேர்த்து 6 ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பல்பு காண்பது 25.6 வோல்ட். ஒன்பது சதவீதம்கூடக் குறையவில்லையே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் 3.4ஆவது அடுக்கை ஒட்டி ஏறி இறங்குவது. ஒன்பது சதவீத வோல்ட்டேஜ் போனால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. நிறமும் மஞ்சளடிக்கும்.

இதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, அளந்துவிடலாம். இன்ஜின் ஓட, டிம் எரிய, பேட்டரி முனைகளில் ஒருமுறை, ஹோல்டரின் டிம் முனைக்கும் அதே ஹோல்டரின் எர்த் முனைக்கும் இடையில் ஒருமுறை மல்டிமீட்டரை வைக்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே போட்டுப் பெரிய லாபம் இல்லை. காசை மிச்சம் பிடிக்கலாம். 1 வோல்ட்டுக்கு மேல் போனால் வேலை செய்தே ஆகவேண்டும். இந்த அளவை எடுக்காமலேயே பல்பை மாற்றச் சொல்லும் கடையைவிட்டு வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

ரிலே வேலை என்பது இதுதான்: டைனமோ முனையிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ தடிமனான ஒயர் நேராக ஹெட்லைட் பக்கம் வரும். நடுவில் பியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30ஆம் எண் முனைக்கு, 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயரை 86இல் மாட்டி 85ஐ எர்த் செய்துவிட்டால், சுவிட்ச் வழியாக இனி ஓடுவது ரிலேயைத் தட்டி எழுப்பும் சின்னக் கரண்ட் மட்டும்; அது கால் ஆம்பியர்கூட வராது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. இடது விளக்குக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் வைப்பதை வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே பியூஸ் போட்டு அது போனால், தொப்பூர் இறக்கத்தில் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அவியும். 12 வோல்ட் ரிலேயை 24 வோல்ட் வண்டியில் மாட்டினால் அதன் காயில் கருகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதனால் கிடைப்பது என்ன? வழியில் தொலைந்த கால் பங்கு திரும்ப வருகிறது. இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம். வெளிச்சத்தின் வடிவம் மாறுவதில்லை. கோடு அதே கோடு, இடது ஏற்றம் அதே ஏற்றம். எதிரே வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ரிலேயின் பெரிய சிறப்பு இதுதான். அது விற்காததற்குக் காரணமும் இதுவாகவே இருக்கலாம்.

முழு வோல்ட்டேஜுக்கு ஒரு விலையும் உண்டு. வெளிச்சம் ஏறும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பல்பின் ஆயுள் இறங்கும். டைனமோவின் ரெகுலேட்டர் கெட்டு 28க்குப் பதில் 30 வோல்ட் வந்தால், பல்பின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். பழைய ஒயரிங் அந்தக் கோளாறை மறைத்துக்கொண்டிருந்தது. ரிலே போட்ட மறுவாரம் பல்பு போகும்போது பழி ரிலேயின் தலையில் விழும். அதேபோல, ரிலே போட்ட தைரியத்தில் 100/90 வாட் பல்பு மாட்டும் ஆசையும் வரும். வேண்டாம். பிளாஸ்டிக் ஹோல்டர் இளகும், டூமின் உள்பூச்சு உரியும். பூச்சு உரிந்த டூமில் எத்தனை வாட் போட்டாலும் அது குத்துவிளக்குதான். உண்மையில் பல பழைய லாரிகளில் முதலில் மாற்ற வேண்டியது டூமையே. கண்ணாடிக்குள் பார்த்து, நம் முகம் தெளிவாகத் தெரியாமல் பால் படிந்ததுபோலத் தெரிந்தால் புது டூம் வாங்குவதே சிக்கனம்.

இரண்டாவது வழிக்கு வருவோம். எல்இடியை ஒரேயடியாகக் கழித்துக்கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் பக்கம் இருக்கும் நியாயங்கள் வலுவானவை, அதுவும் லாரியைப் பொறுத்தவரை. 24 வோல்ட் பல்பின் இழை, அதே வாட் 12 வோல்ட் பல்பின் இழையைவிட மெலிசு, நீளம் அதிகம். குலுக்கலுக்குச் சட்டென்று அறுந்துவிடும். கல்குவாரிக்கும் கிரஷருக்கும் ஓடும் டிப்பர்காரர்களைக் கேட்டால் தெரியும், பல்பு வாங்கி மாளாது. எல்இடியில் அறுந்துபோக இழையே இல்லை. கரண்ட்டும் குறைவாகத்தான் இழுக்கும், அதனால் பழைய ஒயரிங்குக்குப் பாரம் குறைகிறது. உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துக்கொள்வதால், வழியில் 2 வோல்ட் தொலைந்தாலும் வெளிச்சம் அவ்வளவாக மங்காது. வெள்ளை வெளிச்சத்தில் போர்டுகளும் சாலைக் கோடுகளும் எடுப்பாகத் தெரிகின்றன.

லூமன் கணக்கிலும் எல்இடி ஜெயிக்கத்தான் செய்கிறது, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும். 24 வோல்ட் எச்-4க்கு ஐ.நா. விதி வைத்திருக்கும் அளவு, 28 வோல்ட்டில் பிரைட் 1900 லூமன், டிம் 1200 லூமன். எல்இடி பெட்டியில் 20,000 என்று அச்சிட்டிருப்பார்கள். பல்பு இழுப்பது 35 வாட் என்றால், வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வீதம் 3500 வந்தாலே பெரிது. சூடேற ஏற அதுவும் இறங்கும். இருந்தாலும் டிம்மில் இது ஹாலஜனைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இதை மறுத்துப் பேச இடமில்லை.

அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்பதுதான் வழக்கு. ஹாலஜன் இழை ஒரு மெல்லிய சுருள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒளி விடும். எல்இடி என்பது ஒரு பலகையின் இரு முகத்திலும் ஒட்டிய தட்டையான சில்லுகள். சில்லு இருக்கும் இடம் இழை இருந்த இடத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்த வேண்டும். டூமின் குவியத் தூரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒளி பிறக்கும் இடம் 1 மி.மீ. தள்ளினாலே கதிர் 4 சதவீதம் திசை மாறும். 100 மீட்டர் தூரத்தில் அது 4 மீட்டர். ஒரு லாரியின் டிம்மை ஒன்றரை சதவீதம் கீழே சாய்க்கவா, இரண்டு சதவீதமா என்று நாம் சுவர் முன்னால் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பல்புக்குள்ளேயே 4 சதவீதம் ஓட்டாண்டியாகத் திரிகிறது. நல்ல தயாரிப்புகளில் பலகையை மெலிசாக்கி, சில்லுகளைச் சுருக்கி, கிண்ணத்தையும் வைத்து இந்தப் பிழையைக் குறைத்திருக்கிறார்கள். குறைந்த விலைப் பல்புகளில் கிண்ணம் பேருக்கு இருக்கும்.

இன்னொரு ஏமாற்று நம் கண்ணிலேயே நடக்கிறது. சிதறிய வெளிச்சம் பெரும்பாலும் விழுவது லாரிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில். பம்பருக்கு முன்னால் தார் வெளுத்துக் கிடந்தால் டிரைவருக்கு நிறையத் தெரிவதுபோல ஒரு நிறைவு வரும். ஆனால் அந்த வெளுப்புக்குக் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. பக்கத்தில் தெரியும் பத்து மீட்டரை வைத்துக்கொண்டு ஓடுகிற லாரியில் யாரும் எதுவும் செய்ய முடியாது. அங்கே தெரிந்ததற்குள் அது சக்கரத்துக்கு அடியில் வந்துவிட்டிருக்கும்.

இரண்டையும் சுவர் முன்னால் நிறுத்திப் பார்த்தால் பேச்சே தேவைப்படாது. ஒரே லாரி, ஒரே மாதிரி புது டூம் இரண்டு; இடதில் ஹாலஜன், வலதில் எல்இடி. பத்து மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர். ஹாலஜன் பக்கம் கோடு தெளிவு: வலமிருந்து மட்டமாக வந்து, நடுவில் ஒரு முழங்கை மடங்கி, இடப்பக்கம் ஏறுகிறது. அந்த முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிச்சம் திரண்டு நிற்கும்; சாலையில் தூரத்தைக் காட்டுவது அந்தத் திரட்சிதான். எல்இடி பக்கம் மொத்த வெளிச்சமும் அதிகம், ஆனால் திரட்சி இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒதுங்கியிருக்கும். கோட்டுக்கு மேலே, இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில், சாம்பல் பூத்ததுபோல ஒரு படலம். முழங்கை எங்கே மடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. செட் பண்ணுவதற்குப் பிடிமானமே அந்தக் கோடுதான். அது கலங்கிப்போனால் ஸ்குரூவை எதைப் பார்த்துத் திருப்புவது?

கோட்டுக்கு மேலே பூத்த அந்தச் சாம்பல்தான் எதிர் வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும் கூச்சம். நாலுவழிச் சாலையில் நடுத்தடுப்பில் அரளியை வரிசையாக வளர்த்திருப்பது இந்தக் கூச்சத்தை மறைக்கத்தான். அரளி இல்லாத மாநிலச் சாலையில் மறைக்க எதுவும் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதி 106 இதை அளவோடு சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அவருக்குக் கூசக்கூடாது. வடக்கே டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ஓட்டுகிற நாமக்கல் டிரைவர்களுக்கு இந்தச் சாம்பலின் இன்னொரு முகமும் தெரிந்திருக்கும். கோட்டுக்கு மேல் போன வெளிச்சத்தைப் பனி அப்படியே திருப்பி அவர்கள் கண்ணிலேயே அடிக்கும். குறை நிறத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைவிட, ஒளி போகக்கூடாத இடத்துக்குப் போவதே முதல் குறை.

எல்இடியின் நீண்ட ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில்லு நீண்ட காலம் உழைக்கும். அதன் முதுகில் இருக்கும் குட்டி விசிறி உழைக்காது. இன்ஜின் சூடும் கிரஷர் தூசியும் அதைச் சீக்கிரமே நிறுத்திவிடலாம். பிறகு பல்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மங்கலாக எரியும். விசிறி துருத்திக்கொண்டிருப்பதால் டூமின் பின்பக்க ரப்பர் மூடியும் சரியாகப் பொருந்தாது. ஓட்டை வழியாகத் தூசியும் மழைத் தண்ணீரும் டூமுக்குள் போனால் பூச்சு போய்விடும். மிச்சமானதாக நினைத்த பல்புக் காசு டூமில் போகிறது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தையும் சொல்லாமல் போக முடியவில்லை. ஹெட்லைட் கண்ணாடியில் கருப்புப் பொட்டு வைப்பதும், மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கருப்புப் பெயின்ட் அடிப்பதும் நம் ஊரில் கூச்சத்துக்கு மருந்தாக நெடுங்காலம் நடந்துவந்தது. எச்-4 பல்பின் நுனியில் ஏற்கெனவே கருப்புப் பூச்சு இருப்பதால் நடுப்பொட்டால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மேல்பக்கப் பெயின்ட் விஷயம் அப்படியல்ல. டிம் வெளிச்சம் முழுக்க டூமின் மேல் பாதியிலிருந்துதான் வருகிறது என்று பார்த்தோம். அங்கே பெயின்ட் அடித்தால் எதிரே வருகிறவருக்காகவே அமைத்த வெளிச்சம் அடைபடும். கூசவைக்கும் பிரைட் வெளிச்சமோ அடிப் பாதி வழியாகத் தாராளமாகப் போகும். டிம் தெரியாத டிரைவர் பிரைட்டிலேயே ஓட்டுவார். மருந்தே நோயைப் பெருக்கிய கதை.

இப்போது அந்த ஸ்குரூவுக்கு வருகிறேன். விளக்கின் மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மிக எளிது. டிம் கோடு 2 சதவீதம் கீழே சாய்ந்திருந்தால் அது 50 மீட்டரில் தரையைத் தொடும். ஒன்றரை என்றால் 67 மீட்டர். 1 சதவீதம் என்றால் 100 மீட்டர். கோடு தொடும் இடத்துக்கு அப்பால் மட்டச் சாலையில் டிம் வெளிச்சம் கிடையாது, இடது ஏற்றத்தில் கொஞ்சம் தவிர. எத்தனை ஆயிரம் லூமன் போட்டாலும் இந்த எல்லை நகராது.

இதைப் பல்பு தரும் லாபத்தோடு ஒப்பிட வேண்டும். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறைவது. இரண்டு மடங்கு தூரம் பார்க்க நாலு மடங்கு ஒளி வேண்டும். ரிலே போட்டு வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், பார்க்கும் தூரம் கூடுவது சுமார் 16 சதவீதம். எல்இடியில் வெளிச்சம் இரண்டு மடங்கானாலும், சிதறாமல் போனால்தான், 40 சதவீதம் கூடும்; சிதறுகிறதே. ஆனால் 2 சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்த விளக்கை ஒன்றரைக்கு ஏற்றினால் 50 மீட்டர் 67 ஆகிறது. 34 சதவீதம் லாபம், செலவு ஒரு ஸ்குரூடிரைவர்.

இந்தத் தூரங்கள் எதற்குப் போதும் என்பதையும் பார்த்துவிடலாம். 60 கி.மீ. வேகத்தில் போகிற லாரி, டிரைவர் சுதாரிக்க ஒன்றரை விநாடி, பிறகு சுமாரான பிரேக் என்று வைத்தால் நிற்க 60 மீட்டர் எடுக்கும். 80இல் 95 மீட்டர். ஒழுங்காகச் செட் செய்த டிம் 60க்குத்தான் கட்டும். டிம்மில் 80 ஓட்டுவது எந்தப் பல்பிலும் குருட்டு ஓட்டம். அந்த வேகத்துக்குப் பிரைட் வேண்டும், பிரைட் போட எதிரில் ஆள் இருக்கக்கூடாது.

செட் பண்ணும் முறை பெரிய வித்தை இல்லை. டயர் காற்றைச் சரிபார்த்து, மட்டமான இடத்தில் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். பெட்ரோல் பங்கு வாசல் தோதாகத் தெரியும், ஆனால் தண்ணீர் ஓட அதைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். கொத்தனாரின் லெவல் டியூபை வைத்து முன்சக்கர இடம், பின்சக்கர இடம், சுவரடி மூன்றும் ஒரே மட்டமா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு விளக்கின் மையத்தையும் சுவரில் குறித்துக்கொண்டு, ஒன்றைச் சாக்கால் மூடி மற்றதை டிம்மில் எரியவிட்டு, மேல் ஸ்குரூவால் உயரத்தையும் பக்க ஸ்குரூவால் இட வலத்தையும் நகர்த்த வேண்டும். பத்து மீட்டருக்கு 1 சதவீதம் என்பது 10 செ.மீ. முழங்கை அந்தந்த விளக்கின் மையத்துக்கு நேர் கீழே மடங்க வேண்டும். டிம்மைச் சரிசெய்தால் பிரைட் தானாகக் கூட வரும், இரண்டும் ஒரே டூம் என்பதால்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: லாரி ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இருக்கிற வண்டி. லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். முன், பின் சக்கர இடைவெளி 4.2 மீட்டர் உள்ள லாரியில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 6 செ.மீ. அதிகம் அமுங்கினால் 1.4 சதவீதம் மூக்கு ஏறுகிறது. காலி வண்டியில் ஒன்றரை சதவீதத்துக்கு அருமையாகச் செட் பண்ணிக்கொண்டு போனவர், சிமெண்ட் ஏற்றியதும் டிம்மையே ஏறக்குறைய மட்டமாக அடித்துக்கொண்டு போகிறார். எதிரே வருகிறவர்கள் லைட்டை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். "டிம்முலதானய்யா வர்றேன்" என்று இவர் உள்ளே இருந்து திட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லோடோடு ஒன்றரைக்கு வைத்தால் காலியில் அது 2.9 ஆகி 34 மீட்டரோடு நின்றுவிடும். காலி வண்டிதான் பறக்கிற வண்டி என்பதையும் மறக்கக்கூடாது.

1 மீட்டருக்கு மேல் உயரத்தில் விளக்கு உள்ள வண்டிகளுக்கு ஐ.நா. விதி 48 எல்லா லோடு நிலையிலும் 1 முதல் 3 சதவீதம் வரை இடம் விடுகிறது; அதற்குள் அடங்காத வண்டிக்கு லோடுக்கு ஏற்ப விளக்கை ஏற்றி இறக்கும் வசதி வேண்டும் என்கிறது. பழைய லாரியில் அந்த வசதி கிடையாது. அதனால் என் கணக்கு இப்படி: லோடோடு 1.2 வரும்படி வைத்தால் அப்போது 83 மீட்டர் வரை எட்டும். காலியில் 2.6 ஆகி 38 மீட்டர் கிடைக்கும். இரண்டும் வரம்புக்குள் நிற்கின்றன. பெரும்பாலும் லோடோடு ராத்திரி ஓடுகிற வண்டிக்கு இது பொருந்தும். இந்தச் சமரசம் ஹாலஜன் கோட்டில்தான் நடக்கும். கோடே கலங்கிய எல்இடியில் 1.2க்கும் 1.6க்கும் வித்தியாசம் காண முடியாது.

எல்இடி பல்பைப் பழைய டூமில் ஒழுங்காக வேலை செய்யவைக்கவே முடியாதா என்றால், முடியும். 2020இல் ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்-7 எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. பல்புக்குப் பொதுவாக அல்ல, குறிப்பிட்ட கார் மாடல்களின் குறிப்பிட்ட ஹெட்லைட்டுகளுக்கு மட்டும். ஒவ்வொரு டூமிலும் மாட்டிப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். நம் கடைகளில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பல்பை மட்டும் மாற்றாமல் டூமோடு சேர்த்து எல்இடியாக மாற்றுவது வேறு விஷயம். அங்கே சில்லுக்கென்றே கணக்குப் போட்ட கண்ணாடி இருக்கும், கோடு தெளிவாக விழும். நம் பழைய லாரிகளின் 7 அங்குல வட்ட டூம், அமெரிக்காவில் 1940 மாடல் கார்களுக்குக் கட்டாயமான அளவிலிருந்து வந்தது. அதனால் உலகச் சந்தையில் பொருந்தும் எல்இடி டூம்கள் நிறையக் கிடைக்கின்றன. வாங்குமுன் கண்ணாடியில் பொறித்த குறியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விளக்கில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு மட்டும் செய்தது என்றால், விளக்கை எதிரே நின்று பார்க்கும் நமக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு ஒன்று இருக்கும். இருபுறமும் முனையுள்ள அம்பு இருந்தால் இரண்டு வகை நாட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கானது. அதன் ஏற்றம் நம் சாலையில் நேராக எதிர் டிரைவர் கண்ணுக்குப் போகும். விலை மலிவாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆக, எட்டு வருஷம் தாண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகும் வட்ட டூம் லாரி, ராத்திரி ஓட்டம், மாநிலச் சாலை என்றால் நான் புது டூம், ரிலே, 75/70 வாட் பல்பு என்பேன். குவாரிக்குள்ளேயே ஓடி, பகலில் வேலை முடித்து, மாலை மங்கும் நேரம் மட்டும் சாலைக்கு வரும் டிப்பருக்கு, அம்புக்குறி பார்த்து வாங்கிய முழு எல்இடி டூம் நல்லது. அங்கே குலுக்கலே பெரிய எதிரி. டூமை விட்டுப் பல்பை மட்டும் எல்இடியாக்கும் வேலைக்குப் பொருத்தமான லாரி எது என்று யோசித்தும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. எதைப் போட்டாலும், பின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு பிளேட் கூட்டினாலோ முன் டயர் அளவு மாறினாலோ வண்டியை மறுபடி அந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டியிருக்கும். பட்டைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். நாமே போய் நிறுத்திக்கொள்ள வேண்டும்.